இடது சுட்டுவிரல்

ஓட்டுப்பதிவு அன்று எங்கள் பிரம்மபுத்திரா மணல்திட்டிலிருந்த எல்லாப் படகுகளும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின. பக்கத்து வீட்டு ரொமிஸா சாச்சி மட்டும் வரவில்லை. அவள் இந்த நாட்டுக்காரிதானா என்று சந்தேகம் கிளப்பி, அவளுடைய ஓட்டை நிறுத்திப் பல வருடமாகிறது.

“ஆடுகளைப் பாத்துக்க, சாச்சி” என்றேன்.

“போடி. அதுங்க மேல யாருக்கும் சந்தேகமில்ல. அதுங்கதான் என்னைப் பாத்துக்கணும்.”

திட்டில் ஒரு படகுகூட மிச்சமில்லை.

மாலையில் நாங்கள் திரும்பியதும் சாச்சி எனக்கு டீ கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டிய இடது சுட்டுவிரலில், எங்கள் விரல்களில் இருந்த அதே மை.

“சோறு வடிக்கும்போதுதான் பாத்தேன். தேய்ச்சாலும் போகல. வெளிய சொல்லிடாதடி, கள்ள ஓட்டுன்னு பிடிச்சுட்டுப் போயிடுவாங்க.”

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நான் யாருக்குடி போட்டேன்?”

நகம் வளர வளர எங்கள் மை போய்விட்டது. சாச்சி அந்தத் துணியை யார் முன்னாலும் அவிழ்க்கவில்லை.

குளிர்காலத்தில் அவள் மௌத்தானாள். சொந்தமென்று யாருமில்லாததால் நான்தான் குளிப்பாட்டினேன். விரலில் இருந்த துணியை அப்போதுதான் அவிழ்த்தேன். எத்தனை தண்ணீர் ஊற்றியும் மை போகவில்லை. துடைத்துவிட்டு, கஃபன் துணியைப் போர்த்திக் கையை உள்ளே வைத்தேன்.

வெள்ளைத் துணியில் ஊதாவாக ஒரு கோடு விழுந்தது. மை இன்னும் காயவில்லை.