பீப்பாய் ஒன்றுக்குப் போனார்

பீப்பாய் கழிவறைக்குள் போய், வேண்டுமென்றே கதவை ஒருக்களித்து வைத்ததும், எட்டுப் படுக்கைகளிலும் பேச்சு நின்றது.

நர்ஸ் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

குழாய்க்காரர் தலையை மட்டும் தூக்கினார். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்று ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்துக்கு அனுப்புகிறது, இன்னொன்று கழுவிய ரத்தத்தை உள்ளே விடுகிறது. அதற்கு மேல் அசைந்தால் இயந்திரம் கத்தும்.

டயாலிசிஸ் வார்டில் கழிவறை என்பது ஒரு மரியாதைக்குக் கட்டி வைப்பது. படுத்திருக்கும் எட்டுப் பேருக்கும் அந்தக் கதவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

குழாய்க்காரர் ஒழுங்காக ஒன்றுக்குப் போய் நாலு வருடமாகிறது. ஊரில் பாதி வீட்டுக்குக் குழாய் மாட்டியவர். சொந்தக் குழாயில் மட்டும் காற்றுதான் வந்தது.

சுவரில் ஒட்டிய படத்தில் இரண்டு சிறுநீரகங்கள் கைகோத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். நாளுக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டி, வேண்டியதையெல்லாம் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே தள்ளுமாம்.

அவருடைய இரண்டும் சர்க்கரை வியாதியைச் சாக்கு வைத்து வேலையை விட்டு நின்றுவிட்டன. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அந்த வேலையை இயந்திரம் பார்க்கிறது, வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். மற்ற நாட்களில் குடிக்கும் தண்ணீர் போக வழியில்லாமல் காலிலும் முகத்திலும் தங்கிக்கொள்ளும்.

பீப்பாய் முன்பு பக்கத்துப் படுக்கைக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தண்ணீரை அளந்து குடி என்றால், ஐஸ்கட்டி தண்ணீர்க் கணக்கில் வராது என்று வாதாடுகிற ஆள். ஒவ்வொரு முறையும் நாலு கிலோ ஏறிப்போய் எடை மெஷினில் நிற்பார். பெயர் வைத்தது குழாய்க்காரர்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால், விபத்தில் இறந்துபோன யாரோ ஒருவரின் சிறுநீரகம் பீப்பாய்க்குக் கிடைத்தது. குழாய்க்காரர் இன்னும் அதே காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கிறார்.

ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் பீப்பாய் முகமூடி மாட்டிக்கொண்டு பார்க்க வந்தார். சௌக்கியமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வருகிறதா என்றுதான் கேட்டார்கள்.

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. காதால கேட்டுக்குங்க," என்று எழுந்து போய்விட்டார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் படுக்கை அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

பிறகு வந்தது.

குழாய்க்காரருக்குத் தண்ணீர்ச் சத்தம் அத்துப்படி. சுவரில் காதை வைத்தே கசிவா அடைப்பா என்று சொல்லிவிடுவார். இது மூன்றாம் மாடிக்கு மேல் தொட்டி வைத்த வீட்டு வேகம். திக்கல் இல்லை, இழுபறி இல்லை. போய்க்கொண்டே இருந்தது. ஓய்ந்துவிட்டது என்று நினைக்கும்போது, கேட்காதவர்களுக்காக என்பதுபோல் மறுபடி கொஞ்சம் விட்டார் மனிதர்.

வார்டே தட்டியது. ஆளுக்கு ஒரு கைதான் சும்மா இருந்ததால் தொடையில் தட்டினார்கள். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தும் வாத்தியாருக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்திருக்காது.

குழாய்க்காரர் மட்டும் தட்டவில்லை. அவருக்கு வயிறு எரிந்தது. அதை அணைக்கக்கூட இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது.

பீப்பாய் கையைக் கழுவிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார்.

"அண்ணே, இந்தக் கிட்னிக்கு முதல் ஃபோன் உங்களுக்குத்தான் வந்துச்சாமே. அண்ணி சொன்னாங்க. அன்னைக்குன்னு பார்த்து உங்களுக்குக் காய்ச்சல்."

காய்ச்சல் இருந்தால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள், பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அந்தக் காய்ச்சலைத் திட்டாமல் மனைவி இன்றுவரை அடுப்பு பற்றவைத்ததில்லை. அவரும் சேர்ந்து திட்டுவார்.

ஃபோன் வந்தபோது அவர் ஒரு வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள் என்றது குரல். வயிற்றை அறுப்பார்கள், செத்தவருடையதை உள்ளே வைப்பார்கள், அதுவும் வேலை செய்யாமல் போகலாம். ஸ்பேனர் நழுவி மார்பில் விழுந்தது. காய்ச்சல் அடிக்கிறது என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

மூன்றரை வருடம் எந்த ஃபோனுக்காகக் காத்திருந்தாரோ, அந்த ஃபோனிடம்.

ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஆளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"எனக்குக் காய்ச்சலே இல்ல, வாத்தியாரே."

பீப்பாய் ஆச்சரியப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்தார்.

"தெரியும்ணே. எனக்கும் அதுக்கு முந்தி ஒரு ஃபோன் வந்துச்சு. வயித்துப்போக்குன்னு சொல்லிட்டேன். அது அப்ப ஏழாம் படுக்கையில இருந்த தையல்காரருக்குப் போச்சு. அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயி, பாத்ரூம் கதவுக்கு வெளிய ஒரு மணி நேரம் நின்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்குப் பயம் போச்சு."

குழாய்க்காரர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அது ஊசி போட்ட கை. இயந்திரம் கத்தியது. நர்ஸ் வந்து அதை அடக்கி, அவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

"இன்னொரு தடவை கேக்கணுமா, அண்ணே?"

குழாய்க்காரர் தலையாட்டினார்.

பீப்பாய் பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, முகமூடியை இறக்கிவிட்டு, மடமடவென்று குடிக்க ஆரம்பித்தார்.