பேய் கதவைத் திறக்கும் இடம்

அந்தப் பழைய பேய்ப்படத்தின் இசையைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட ரெஜினாவுக்கு இரண்டு வருடம் ஆனது. வெளியான அன்றே தேவசகாயம் போனில் கத்தினார். அந்தப் படத்துக்கு வாசித்த அறுபது பேரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்.

"பேய் கதவத் திறக்கிற இடத்துல என் வயலின் எங்கம்மா? சத்தமே வரல!"

ரெஜினா பெரம்பூரில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினாள். எண்பது தாண்டியவர்கள் கட்டாயம் கட்டவேண்டிய கைப்பட்டைதான் காரணம். நாடி எகிறினால், இதயத்துக்கு ஆபத்து என்று அது வீட்டு ஸ்பீக்கரை அடக்கிவிடும்.

"பயந்துட்டீங்களா சார்?"

"எனக்கென்ன பயம்? நான் வாசிச்சது வரப்போகுதுன்னு ஒரு சந்தோஷம்."

பட்டையின் உதவி எண்ணைக் கூப்பிட்டால், பயத்துக்கும் சந்தோஷத்துக்கும் தனித்தனிப் பிரிவு இல்லை என்று இயந்திரக் குரல் நாலு தடவை சொன்னது. எரிச்சலில் ரெஜினா பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். ஆயிரம் தடவை கேட்டுச் சலித்தவளுக்கு நாடி எங்கே எகிறப்போகிறது?

இசையை மறுபடி ஓடவிட்டாள். கதவு திறக்கும் இடம் வந்தது. வயலின் கிறீச்சிட்டு எழுந்தது.

"நான்தான்! இது நான்தான்!" என்று தேவசகாயம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் ரெஜினாவுக்கு நெஞ்சு படபடத்தது.

ஸ்பீக்கர் அடங்கிப்போனது.

"அட, நீயுமாம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.