திறக்க மட்டும்

கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள், கோப்புகளைக் காக்கும் ரகசியப் பூட்டு நிரல்களைப் பராமரிப்பவள் ஜெபமணி. எவரும் உடைத்துவிடக்கூடிய ஒரு பழைய பூட்டைப் போன மாதம்தான் நீக்கியிருந்தாள். காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது: “பிள்ளைங்க தாங்களே உண்டாக்கின சைகைகளையெல்லாம் படம்பிடிச்சு அதுலதாம்மா பூட்டி வெச்சேன். இப்ப திறக்க மாட்டேங்குது.”

“ஒரே ஒரு டீச்சருக்காக ஓட்டைப் பூட்டைத் திரும்ப மாட்டப் போறியா தாயி?” என்று சிரித்தார் உடன் வேலைபார்க்கும் பீர்முகம்மது.

“பூட்டு வேண்டாம் அண்ணாச்சி. சாவி போதும்.”

ஜெபித்துவிட்டு, திறக்கும் நிரலை மட்டும் திரும்பச் சேர்த்தாள். இனி அதில் யாராலும் எதையும் பூட்ட முடியாது.

மறுவாரம் ஒரு காணொளி வந்தது. அதில் சத்தமே இல்லை. முப்பது பிள்ளைகள் கைகளை உயரத் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். பீர்முகம்மதுவின் கைகளும் மெல்ல உயர்ந்தன.