மாடிவீட்டுப் பூனை

மூன்றாவது அடியில் ஒட்டடைக்கம்பு முறிந்தது. மாடிவீட்டுக்காரரின் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம், அவர் மார்போடு அணைத்திருந்த பூனையின் முதுகை நனைத்தது.

“விட்டுடு தங்கச்சி! வாயில்லா ஜீவன்!”

“யோவ்! என் புள்ளைக்கு மூச்சு நிக்குது, உனக்குப் பூனை பெரிசாப் போச்சா? கீழ போடு, ஒரே மிதியில முடிச்சிடறேன்!”

தெருவில் அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்பது அவள் கட்சி. ஒரு வருஷமாக வேலை பார்க்கும் உலோகப் பொடி ஆலையில் நாளெல்லாம் பொடி சலித்துவிட்டு வந்தவள், ஆலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வழக்கம்போல அன்று மாலையும் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது; ஜன்னலில் பூனை உட்கார்ந்திருந்தது. போதாதா? மருந்தை உறிஞ்சவைத்துவிட்டு மாடிக்குப் பாய்ந்தாள்.

அவர் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். இரண்டாவது முறை மோதும்போது, கீழே மகளின் இழுப்புச் சத்தம் சட்டென்று நின்றது. அவர் முடியை விட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

அடி வாங்கிய மனிதர்தான் ரத்தம் ஒழுக ஒழுக வண்டியை எடுத்தார்.

மருத்துவமனையில் ஆவி மருந்து ஏறியதும் பாப்பா கண் திறந்தாள். அவளை மடியில் இறுக்கிக்கொண்டு பட்டாசு மறுபடி வெடித்தாள்.

“பூனைதான் டாக்டர்! ஞாயித்துக்கிழமை நான் வீட்டுலயே காவல் இருக்கேன். அன்னிக்கு மட்டும் இழுப்பே வர்றதில்ல!”

“பூனை எத்தனை வருஷமா இருக்கு?”

“எட்டு வருஷம் சார்,” என்றார் மாடிவீட்டுக்காரர், மூக்கில் பஞ்சோடு. “பாப்பா அதுமேல தலை வச்சுத்தான் தூங்கும். இழுப்பு போன வருஷந்தான் வந்துச்சு.”

டாக்டர் தலையாட்டினார்.

“அப்போ பூனை மட்டும் காரணமில்ல. கண்ணுக்கே தெரியாத சன்னமான பொடி ஏதோ மூச்சோட உள்ள போகுது. அது போனா நுரையீரலுக்குக் காவல் நிக்கிறவன் மிரண்டுடுவான். பழகின பூனை முடியைக்கூட எதிரின்னு அடிப்பான். அந்த அடிதடிதான் இழுப்பு.”

“பொடியா? எந்த நாசமாப்போறவன் டாக்டர் என் வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டுறான்? ஆளைக் காட்டுங்க, கையைக் காலை உடைச்சிடறேன்!”

டாக்டர் அவள் சட்டைக் கையை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி மினுங்கியது.

“பாப்பாவை மடியிலேருந்து இறக்கிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா.”