கட்டிலின் அளவு

உத்தரங்களின் மேல் நின்ற மரத்தரையின் பலகைகளைக் கழற்றி, குளிர்காலத்தில் அறை சூடாக இருக்க, அடியில் வெந்நீர்க் குழாய்களைக் கேதீசன் தன் கையாலேயே பதித்தான். ஒவ்வொரு குழாயையும் அலுமினியத் தகட்டில் அழுத்திவிட்டு, சூடு தகட்டில் பரவி, பலகையில் ஏறி, பாதத்துக்கு வரும் வழியை மனைவி துசாந்தினியின் எட்டு மாத வயிற்றைப் பார்த்து விளக்குவான். "பிறக்க முன்னமே பிள்ளைக்கு வகுப்போ?" என்று அவள் சிரிப்பாள். சன்னலோரம் பிள்ளையின் கட்டில் வரவேண்டிய இடத்தில் மட்டும் அவன் குழாய் போடவில்லை. அடியில் இழுப்பறை வைத்த கட்டில் அது. தரையோடு ஒட்டி நிற்கும். கீழே குழாய் இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் மரம் வளைந்துவிடும். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. கட்டிலைக் கடைக்காரர்கள் திருப்பி எடுத்துப் போனார்கள். முதல் பனி விழுந்த அன்று அவன் குழாய்களில் வெந்நீரைத் திறந்துவிட்டான். வெறுங்காலோடு அறையில் நடந்த துசாந்தினி சன்னலோரம் சட்டென்று நின்றாள். ஒரு பாதத்தை நகர்த்தி நகர்த்தி, குளிர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாள். நாலு மூலையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டு நாள் வேலைதான். பலகையைக் கழட்டி இதுக்குக் கீழயும் குழாய் போட்டுவிடுறன்," என்றான் கேதீசன். "வேண்டாம். இருக்கட்டும்." அவள் குளிரை மிதிக்காமல் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பிள்ளைக்குச் சொன்னனீங்களெல்லோ, சூடு எப்பிடி வருமெண்டு. இன்னொருக்காச் சொல்லுங்கோ." அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, நடுவில் கிடந்த வெறும் பலகைகளைப் பார்த்து, "முதல்ல தண்ணி சூடாகும்," என்று தொடங்கினான்.