சட்டைப்பையில் ரத்தச் சீட்டு

ஜலீலின் சட்டைப்பையில் அந்தக் காகிதம் கிடைத்தபோது ஹவ்வாவின் கையெல்லாம் சோப்பு நுரை. நனையாமல் விரல் நுனியில் பிடித்து விரித்தாள். அவன் பெயர், போன புதன்கிழமைத் தேதி, கீழே கொட்டை எழுத்தில் 'தலசீமியா பரிசோதனை'.

அவளுக்குத் திக்கென்றது. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வரும் ரத்த நோய் அது; காய்ச்சல், இருமலுக்கெல்லாம் யாரும் இந்தச் சோதனை செய்துகொள்வதில்லை. நாற்பது வயது ஆம்பிளை தானாகப் போய் இதற்கு ரத்தம் கொடுக்கிறான் என்றால் இந்தத் தீவில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கல்யாணம். இந்தச் சீட்டு இல்லாமல் கோர்ட்டில் நிக்காஹ் பதிய மாட்டார்கள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் ஹவ்வாவைக் கட்டியபோது இந்தச் சட்டமே கிடையாது. அப்போது கொடுக்காத ரத்தத்தை இப்போது எவளுக்காகக் கொடுத்திருக்கிறான்?

கொஞ்ச நாளாகவே அவன் போக்கு சரியில்லை. ஆறு மாதமாகப் படுக்கை அவன் அக்கா வீட்டில். சாயங்காலம் படகைக் கட்டிவிட்டு மீனோடு வருவான், வாசலில் நின்று சலாம் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வருவான், சாப்பிடுவான், அழுக்குத் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டுப் போய்விடுவான். இந்த வாரம் மீசைக்குச் சாயம் வேறு அடித்திருந்தான்.

பள்ளிக்கூடத்துக்குத் தலைநகர் மாலேயிலிருந்து வந்திருக்கும் டீச்சர் ரிஃபாவாகத்தான் இருக்கும். வாராவாரம் அவன் படகில்தான் ஊருக்குப் போய் வருகிறாள். பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே ஓட்டுகிறானாம்.

ஹவ்வா கையைத் துடைத்துக்கொண்டு நேரே சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். அங்கே ரத்தம் எடுப்பவள் எதிர்வீட்டு ஸமீரா.

"இதுல என்னடி போட்டிருக்கு?"

"எல்லாருக்கும் எடுக்கிற சாதாரண ரத்த டெஸ்ட்தான்க்கா. சிவப்பணு சின்னச் சின்னதா இருந்தா சந்தேகப்பட்டு மாலேக்கு அனுப்புவோம். இவருக்கு எல்லாம் நல்ல சைஸ்ல இருக்கு."

"அப்ப யாரை வேணும்னாலும் கட்டிக்கலாம்?"

"தாராளமா."

அந்தத் தாராளம் ஹவ்வாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "அவளும் வந்து ரத்தம் குடுத்துட்டாளா?"

"பொண்ணு இன்னும் வரல." ஸமீரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மத்ததை அவர்கிட்டயே கேளுங்கக்கா. நான் வாயைத் திறந்தா என் வேலை போயிடும்."

சாயங்காலம் ஜலீல் வந்தான். ஹவ்வா சோற்றைப் போட்டு, சூடான மீன் சாற்றை அதன்மேல் ஊற்றினாள். கேட்க நினைத்து மூன்று முறை வாயைத் திறந்து மூடினாள். 'உனக்கென்ன?' என்று அவன் திருப்பிக் கேட்டுவிட்டால் அவளிடம் பதில் கிடையாது.

ஆனால் இன்னொருத்தி பரிமாறி இவன் சாப்பிடுவதை நினைத்ததும் கரண்டியை நங்கென்று சட்டியில் போட்டாள். கோபக்காரன்தான், சரிக்குச் சரி வாயாடுகிறவன்தான். ஆனாலும் இவனை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

"எலுமிச்சம்பழம் இல்லையா?" என்றான் ஜலீல்.

"இனிமே டீச்சரம்மா பிழிஞ்சு ஊத்துவா."

"எந்த டீச்சர்?"

"நடிக்காத. இந்த வயசுல மீசைக்குச் சாயம் யாருக்காக?"

"அது... நரைச்சது தெரியுதேன்னு..."

"தெரிஞ்சா என்ன? நான் பாக்காத நரையா?" சீட்டைத் தட்டுப் பக்கத்தில் அறைந்தாள். "இது எதுக்கு?"

ஜலீலின் முகம் செத்துப்போயிற்று. திருட்டுத்தனம் பிடிபட்டவன் மாதிரியே விழித்தான். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நாலு நாளா தைரியம் வரல."

"எப்படி வரும்? கட்டிக்கப்போறேன், அதானே?"

"ஆமா."

அவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்றுதான் அவள் அதுவரை நம்பியிருந்தாள். "நல்லா இருங்க ரெண்டு பேரும்," என்றாள். "என் கையால திங்கிற கடைசிச் சோறு இது. தின்னுட்டுக் கிளம்பு."

ஜலீல் தட்டைத் தள்ளி வைத்தான்.

"முழுசாக் கேளு ஹவ்வா. கோர்ட்ல விசாரிச்சேன். தலாக் சொன்ன பொண்டாட்டியையே திரும்பக் கட்டிக்கிறதா இருந்தாலும் ரெண்டு பேர் சீட்டும் வேணுமாம். நாளைக்கு நீயும் போய் ரத்தம் குடுப்பியா?"