கருப்பு பீருக்கு எத்தனை வாரம்?

"நாலு பாட்டிலும் காலி!"

பின் அறையிலிருந்து ஜான்சன் போட்ட சத்தத்தில், மீன் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி ஷாரோன் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

ஜான்சன் எட்டு வருஷம் பெங்களூரில், பீர் காய்ச்சி விற்கும் பப் ஒன்றில் வேலை பார்த்தவன். பப்பை மூடிவிட்டார்கள். உத்திரமேரூரில் மாமியார் வீட்டோடு வந்து சேர்ந்தான்.

பெங்களூரில் புதிதாக பப் திறக்கப்போகும் புருஷோத்தமன் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். "நீயே கருப்பு பீர் காய்ச்சு. பக்குவமானதும் எட்டு பாட்டில் கொண்டு வா. நல்லா இருந்தா வேலை உனக்கு."

பார்லியை முளைகட்டி, வாணலியில் கருக வறுத்து, காய்ச்சிப் பன்னிரண்டு பாட்டில் அடைத்தான் ஜான்சன். எட்டு அவருக்கு. மீதி நாலு ருசி பார்க்க. எட்டாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒன்றாகத் திறந்து, பக்குவம் எப்போது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் கசக்கும். ரொம்ப விட்டால் புளிக்கும்.

இன்று எட்டாவது வாரம். முதல் பாட்டிலைத் தூக்கினால், காற்று மாதிரி வந்தது.

"போய்த் தொலையட்டும்!" என்றார் மாமியார் பாக்கியமேரி. "சாத்தான் தண்ணிய வூட்ல வெச்சிக்கினு நான் எப்டி சர்ச்சுக்குப் போறது? பாஸ்டர் மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

"உள்ள யாரு அத்தே வந்தது?"

"நேத்து அந்த சுகுமாரு ஏணி எடுக்க வந்தான்."

வேறு சாட்சியே வேண்டாம். பக்கத்து வீட்டு சுகுமார் லோடு ஆட்டோ ஓட்டுபவன். குடித்துவிட்டு அவன் விழாத வாய்க்கால் ஊரில் கிடையாது.

ஜான்சன் வேலியருகே போய் நின்றான். "டேய், நீதான குட்ச்ச?"

சுகுமார் திடுக்கிட்டான். ஜான்சனின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். வாசலில் நின்ற பாக்கியமேரி சட்டென்று பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"ஆமா மச்சான்... நான்தான். மன்னிச்சிக்க."

"நாலுமா? என் பொயப்பே அதுல கீதுடா!"

சுகுமார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"இன்னிமே என் வூட்டுப் பக்கமே வராத!"

சாயங்காலம் புருஷோத்தமனிடமிருந்து போன். "என்னப்பா, பக்குவம் ஆச்சா?"

ஜான்சன் இழுத்தான். "சார்... ஒரு நாலு வாரம் டைம் குடுத்தா..."

"நாலு வாரமா? வேற ஒருத்தன் நாளன்னிக்கே கொண்டு வர்றான். ஆச்சா, ஆகலையா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தான். பாக்கியமேரி ஓடிவந்து போனைக் கையால் பொத்தினார்.

"நாளைக்கே வரேன்னு சொல்லு மாப்ளே."

"கசந்துதுன்னா இன்னா பண்றது அத்தே? வேலயே போயிடும்!"

"கசக்காது. அஞ்சாவது வாரந்தான் வேப்பங்கொழுந்து மாரி கசந்துது. ஆறுல கருகல் வாசன. ஏழுல பரவால்ல. நேத்து தொறந்தது கீதே, காப்பி மாரி... சும்மா வழுக்கிக்கினு எறங்கிச்சி!"

ஷாரோன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலைல மொத பஸ்ல வரேன் சார்," என்று போனை வைத்த ஜான்சன், மாமியாரையே பார்த்தான்.

"அப்ப சுகுமாரு?"

பாக்கியமேரியின் குரல் இறங்கிப்போனது.

"ஏணி எடுக்க வந்தப்ப பாத்துட்டான். வாய அடைக்கலாம்னு அவனுக்கும் ஒரு டம்ளர் ஊத்தி நீட்டினேன். 'குடிய வுட்டு ஆறு மாசமாவுது, வேணாம் அத்தே'ன்னுட்டான்."